லாரி நிற்காத ஊர்கள்

வடகரப்பதி
22-1-1975

மாப்பிளே சின்னமுத்து,

சுகமா சௌக்கியமான்னு கேக்கறதையெல்லாம் கடைசியிலே வெச்சுக்கலாம். முதல்லே விசயத்துக்கு வந்தர்றேன், இல்லாட்டி என்ற நெஞ்சு வெடிச்சுப்போகும். நீ எழுதின இன்லண்டை எங்கூட்டுக் கமலாத்தாள் நேத்து மறுக்கா மறுக்காப் படிச்சுக் காட்டினா. மாட்டுக்குத் தண்ணி காட்டறதை நிறுத்திப்போட்டு நின்ன வாக்கிலேயே கேட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா காதிலே ஒருக்கா விழுந்தது எங்கேயும் போகாதுன்னு உனக்கே தெரியும். நான் கேட்டது சரிதானான்னு பாத்துக்க.

நம்ம கத்தரீனாள் இத்தாலிக்கு ஆஸ்பத்திரி மடத்துக்குப் போய் ஒம்பது வருசம் ஆச்சு. வர்ற ஆகஸ்டு பதினஞ்சாந்தேதி அவ கன்னியாஸ்திரியா கடைசி வார்த்தைப்பாடு குடுக்கறா. அப்பன் ஆத்தா ரெண்டு பேருக்கும் மடத்துச் செலவிலே பிளேன் டிக்கெட். பங்குச் சாமியார் தயவிலே உங்க ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுங்கூட வந்துருச்சு. ஆனா மாரித்தாய், "குமுளி போய்ச் சேர்றதுக்குள்ளே பஸ்ஸிலே குடல் வெளியே வருது, என்னை ஆகாசத்திலே தூக்கிட்டுப் போறீங்களா, மாட்டவே மாட்டேன்"னு சொல்லிப்போட்டா. "எனக்குப் பதிலா எங்கண்ணன் போகட்டும்"னு அவளே சொன்னா. கத்தரீனாளும் மடத்துத் தலைவியம்மாகிட்டே, "காது குத்தறப்ப மடியிலே வெச்சுக்கிட்ட தாய்மாமன், எங்க சனத்துக்குத் தாய்க்குச் சமானம்"னு எடுத்துச் சொல்லி, அந்தம்மாவும் சரின்னுட்டாங்க.

அப்படித்தானே? இல்லேன்னா தந்தி அடி. அப்படித்தான்னா ஒரு கார்டு போதும்.

மாரித்தாய் அனாதை மடத்திலே வளந்தவ, கூடப் பொறந்தவன் இல்லே, குழந்தைக்குக் காது குத்த மாமன் மடி வேணும்னு நீ அப்ப எழுதினே. நான் பட்டாளத்துப் பெட்டியைத் தூக்கிட்டு உங்க மலை ஏறி வந்தேன். எங்க பங்காளிக, "கவுண்டன் வேதக்காரப் புள்ளைக்கு மாமனா"ன்னு எத்தனையோ நாள் மொணமொணத்தாங்க. இப்ப அதே ஆளுக, "பிளேன்லே சோறு போடுவாங்களா குப்பண்ணா"ன்னு கேக்கறாங்க.

இப்ப என்ற யோசனையைச் சொல்றேன். வார்த்தைப்பாடு முடிஞ்ச கையோட திரும்பக்கூடாது. அவ ஆஸ்பத்திரி இருக்கறது நாப்போலியிலே. நாப்போலியிலிருந்து கடலை ஒட்டித் தெக்கே ஒரு ரோடு போகுது, உனக்கு நெனப்பிருக்கா? ஜெர்மன்காரனோட சண்டையிலே ஒடிஞ்ச ரயில் பாலத்தைக் கட்டறதுக்கு நம்ம ரோட்டு வேலைப் பட்டாளத்தை லாரியிலே ஏத்திட்டுப் போனாங்களே, ஆவணி மாசம்? அத்தனை அழகான ரோட்டிலே அந்த லாரிக்காரன் ஒரு ஊரிலேயும் நிறுத்தலே. கூண்டுத் துணியைத் தூக்கித் தூக்கிப் பாத்தே என்ற கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஒரு கொண்டை ஊசி வளைவிலே லாரி மெதுவாச்சு. அங்கே மதில் ஓரமா நின்ன பொம்பளை ஒருத்தி, மடியிலே இருந்த அத்திப்பழத்தை ரெண்டு கையிலேயும் அள்ளி நீட்டினா. நானும் கையை நீட்டினேன். எட்டறதுக்குள்ளே லாரி போயிருச்சு. அந்தக் கை ரெண்டும் இன்னும் என்ற கண்ணுக்குள்ளே இருக்குது.

அதனாலே மாப்பிளே, நாம மெதுவாப் போகோணும். பஸ்ஸிலே ஏறி ஒரு ஊர், இறங்கி அங்கேயே இருந்து பாத்துப்போட்டு அடுத்த நாள் அடுத்த ஊர். லாரி நிக்காத ஊரிலேயெல்லாம் இறங்கோணும்.

உன்ற மச்சான்,
குப்பண்ணன்

(அண்ணா, அத்திப்பழக்காரி வயசு என்னன்னு கேட்டேன். "அதெல்லாம் கவனிக்கலே"ங்கறார். கூண்டுத் துணி என்ன நிறம்னு கேட்டா மட்டும் தெரியுது. — கமலாத்தாள்)


வண்டிப்பெரியார்
6-2-1975

அன்பு மச்சானுக்கு,

எல்லாம் நீங்க கேட்டபடிதான். தந்தி வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு உடனே எழுதிப் போடுங்க. புனித ஆண்டுன்னு எங்க மறைமாவட்டத்திலிருந்து ஒரு கூட்டமே ரோமாபுரிக்குப் போகுது. அந்தக் கூட்டத்தோடதான் நாமளும். பேர்களை மே மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம், அதுக்குப் பொறவு மாத்த முடியாதாம்.

கடலோர ரோடெல்லாம் சரி. ஆனா முதல்ல ரோமாபுரி. அத்தனை தூரம் போய்ட்டு புனிதர் கல்லறையப் பாக்காம அத்திப்பழம் தின்னுட்டு வந்தேன்னு சொன்னா எங்க சாமியார் என்னையக் கோயில்ல சேப்பாரா?

உங்க கடிதாசிய மாரித்தாய்க்கு வாசிச்சுக் காட்டினேன். எஸ்டேட்டு லயத்துல பக்கத்து வீட்டுச் சனமும் வந்து உக்காந்துருச்சு. அவ ஒரே சிரிப்பு. "அண்ணனுக்கு வயசாகலை, வாய்க்கு மட்டுமில்ல கண்ணுக்கும் வயசாகலை"ன்னு சொல்லுதா. அந்தப் பொம்பள என்ன உடுத்திருந்தா, தலையில முக்காடு இருந்துச்சான்னு கேக்கச் சொன்னா. அவ போகப் போறதில்ல, ஆனா கேள்விக்குக் குறைவில்ல.

நெசத்தைச் சொன்னா மச்சான், அந்த ரோடு எனக்கு ஒண்ணுமே நெனைவில்ல. கடல் இருந்துச்சா?

சின்னமுத்து


வடகரப்பதி
25-2-1975

மாப்பிளே,

கடல் இருந்துச்சாவா! உனக்கு எப்படித் தெரியும்? நீ லாரித் தரையிலே மல்லாந்து கிடந்து, மாவு டின்னுக்குள்ளே தலையை விட்டு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தே. டின்னைப் பிடிச்சுக்கிட்டிருந்தவன் நான். நீ என்ற தங்கச்சியைப் பாத்து, பஸ் ஏறினா குமட்டறவன்னு கேலி பேசற ஆளு. இந்த வரியை அவளுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு.

அந்தப் பொம்பளை கறுப்புப் பாவாடை, தலையிலே வெள்ளைத் துண்டு. செருப்பில்லே.

பாஸ்போர்ட்டுக்குக் கொழிஞ்சாம்பாறையிலே போட்டோ எடுத்தாச்சு. ஸ்டூடியோக்காரன் ஒரு கோட்டை மாட்டிவிட்டான். கை முழங்காலுக்கு வந்துது. பொறந்த தேதி கேட்டாங்க. பெரிய வெள்ளம் வந்த வருசம் எனக்குப் பல்லு விழுந்துதுன்னு சொன்னேன். வில்லேஜ் ஆபீஸர் மலையாளத்திலே சிரிச்சார். அப்புறம் பட்டாளத்துப் புஸ்தகத்தைக் காட்டி ஆச்சு.

ரோமாபுரி பாக்கலாம், நான் வேண்டாங்கலே. ஆனா கடலோரம் எப்படின்னு இப்பவே பேசிக்கலாம். பஸ்ஸிலே வலது பக்கம் உக்காரோணும். போறப்பக் கடல் வலது கைப்பக்கம். முதல்லே அமால்பிப் பக்கம். செங்குத்தான மலை, உங்க எஸ்டேட்டை எடுத்துக் கடலுக்குள்ளே சாய்ச்சு நிறுத்தின மாதிரி இருக்கும். தேயிலைக்குப் பதிலா எலுமிச்சை. படி படியாக் கல்லுக்கட்டி, மேலே கம்பிலே பந்தல் போட்டிருப்பாங்க, நாம பாகக்காய்க்குப் போடறோமே அப்படி. ஒவ்வொரு காயும் மட்டை உரிச்ச தேங்காய் அளவுக்கு இருந்துது. பொம்பளைக பெரிய கூடை நிறைய முதுகிலே சுமந்துக்கிட்டுப் படியிலே இறங்குவாங்க. எங்கே திரும்பினாலும் அந்த வாசம்.

அதுக்கப்புறம் சலேர்னோ. அது தாண்டினா மலை விலகிச் சமவெளி. அங்கே என்ன இருக்குதுன்னு நெனைக்கறே? எருமை! நம்ம எருமைதான், அதே கறுப்பு, அதே சோம்பல், சேத்துக்குள்ளே கழுத்து வரைக்கும். முப்பது வருசமா யார்கிட்டேச் சொன்னாலும் நம்பலே. பக்கத்திலேயே கூரையில்லாத பழைய கோயில், கல்தூண் மட்டும் நிக்குது. தூண் நிழல்லே எருமை அசை போட்டுது. அங்கே லாரி நின்னிருந்தா நான் இறங்கி ஒரு எருமையைத் தட்டிக் குடுத்திருப்பேன்.

அப்புறம் அக்ரோபோலி. அதுக்குத் தெக்கே ஊர்ப் பேர் ஒண்ணும் எனக்குத் தெரியாது, ஆனா வழி தெரியும். பாறையைக் குடைஞ்ச சுரங்கம், அது தாண்டிக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு சின்னக் கோயில், அடுத்தாப்பலே மஞ்சள் ஊடு, அந்த ஊட்டு மதிலை ஒட்டி வளைவு. அதுதான் இடம்.

வெறுங்கையோட ஒரு ஊருக்குள்ளேயும் போகக்கூடாது. நம்ம காட்டுக் கடலக்காயை வறுத்து மஞ்சப்பையிலே எடுத்துக்கறேன். இறங்கற ஊரிலே பேசற சனத்துக்கெல்லாம் ஒரு கை.

ஒண்ணு மட்டும் மனசிலே வை. அவங்க பேச்சிலே 'பியானோ, பியானோ'ன்னா மெதுவா மெதுவான்னு அர்த்தம். கோவேறு கழுதைக்காரன் சொல்லுவான். நம்ம பயணம் அப்படித்தான்.

குப்பண்ணன்

(இதுக்கு மேலே தாளிலே இடமில்லே, ஓரத்திலே எழுதறேன். வறுக்கப்போறவ நான். — கமலாத்தாள்)


வண்டிப்பெரியார்
14-3-1975

அன்பு மச்சானுக்கு,

டின்னு சமாச்சாரத்தை வாசிக்காம தாண்டப் பாத்தேன். மாரித்தாய், "இங்கன என்னமோ முழுங்குதீக"ன்னு பிடிச்சுக்கிட்டா. இப்ப லயமெல்லாம் என்னைய டின்னுமுத்துன்னு கூப்பிடுது. நல்லாருங்க.

நல்ல சேதி ஒண்ணு. உங்க யோசனைய மகளுக்கு எழுதினேன். அந்தக் கடலோரம் பூராவும் அவுக சபைக்குக் கிளை மடம் இருக்காம். அமால்பியில, சலேர்னோவுல, அக்ரோபோலியில எல்லாம் நாம தங்கலாம், சாப்பாடும் அங்கனயே. வார்த்தைப்பாடு முடிஞ்சா அவளுக்கும் ஒரு வாரம் லீவு தாராங்களாம், பேச்சுத் துணைக்கு அவளும் வாரா. ஒம்பது வருசமா அந்த ஊர்ல இருக்கா, ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டி அந்த ரோட்டைப் பாத்ததில்லையாம். "மாமா எழுதுத ஊரெல்லாம் எங்க இருக்குப்பா?"ன்னு என்கிட்ட கேக்கா.

மாரித்தாய் உங்ககிட்ட கேக்கச் சொன்னது: அங்க பஸ்ஸு ஜன்னலு தெறக்குமா? எலுமிச்சங்காய அப்படியே உப்புல போட்டுத் திங்காங்களா? எருமைப் பால்ல டீ போடுவாங்களா? படி இறங்கும்போது பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?

அவ இப்ப ஞாயிறு தோறும் பஸ்ஸுல குமுளிச் சந்தைக்குப் போய் வாரா. மிளகாய் அங்க நல்லாருக்காம்.

சின்னமுத்து


வடகரப்பதி
2-4-1975

மாப்பிளே,

பாஸ்போர்ட் வந்துருச்சு! தபால்காரர் ஊர்க்கோடியிலிருந்தே கூப்பிட்டுக்கிட்டு வந்தார். நீல அட்டை. உள்ளே நான், பெரிய கோட்டோட. கமலாத்தாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலே வெச்சு விபூதி வெச்சுட்டா. "ஏனுங்க, இதிலே எங்கே ஏறறீங்க எங்கே இறங்கறீங்கன்னு போட்டிருக்குதா"ங்கறா.

கத்தரீனாளும் வர்றாங்கறதைக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. மடியிலே வெச்சிருந்தப்ப ஆசாரி ஊசியை எடுத்ததும் அவ அழுகலே, என்ற மீசையைப் பிடிச்சு இழுத்தா, நாந்தான் கத்தினேன். அந்தப் புள்ளைக்குப் பக்கத்திலே உக்காந்து கடலைப் பாக்கப் போறேன்.

மாரித்தாய் கேட்டதுக்குப் பதில். ஜன்னல் தெறக்கும், லாரிக்கே தெறந்துது. நாப்போலிக் கேம்பிலே இருந்தப்பப் பாத்திருக்கேன், எலுமிச்சையைத் தோலோட துண்டு போட்டு, சக்கரை தொட்டுத் தின்னாங்க, நம்ம பக்கம் மாதிரி உப்பிலே ஊறப்போட்டு நான் பாக்கலே. அவ ஊறப்போட்டுக் காட்டினா அவங்க சொத்தையே எழுதிக் குடுத்திருவாங்க. எருமைப் பாலைப் பாலாக் குடிக்கறதில்லே, வெள்ளைக் கட்டியாத் திரட்டி, புழிஞ்சு, துணியிலே கட்டித் தொங்கவிடறாங்க. படிக்குக் கம்பி இல்லே, ஆனா ஒரு பக்கம் சுவர் இருக்குது. பஸ்ஸிலே குமட்டினா எலுமிச்ச இலையைக் கசக்கி மூக்குகிட்டே வெச்சுக்கச் சொல்லு. அந்த ரோட்டிலே இலைக்குப் பஞ்சமில்லே.

மாப்பிளே, தினம் படுத்துக்கிட்டே ஒரு தடவை அந்த ரோட்டிலே போய்ட்டு வர்றேன். நேத்து சுரங்கம் தாண்டினதும் தூங்கிப்போட்டேன், இன்னிக்கு எழுந்ததும் முதல் வேலையா மீதியை முடிச்சேன்.

குப்பண்ணன்


வண்டிப்பெரியார்
21-4-1975

மச்சானுக்கு,

யோசிச்சுப் பாத்தேன். கடலோரம் வேண்டாம். ரோமாபுரி, வார்த்தைப்பாடு, திரும்பிருவோம். உங்களுக்கும் வயசாச்சு. அந்தப் படியும் மலையும் உங்க முழங்காலுக்கு ஆகாது. முப்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தி பழம் நீட்டினான்னு அத்தனை தூரம் அலையணுமா? வேணும்னா நீங்க வராமயே இருந்தாலும் மக தப்பா எடுத்துக்கிட மாட்டா.

மாரித்தாய் ஊர்ல இல்ல. தேனி வரைக்கும் போயிருக்கா.

சின்னமுத்து


வடகரப்பதி
29-4-1975

சின்னமுத்துவுக்கு,

மாப்பிளேன்னு கூப்பிட மனசில்லே.

யாருக்கு வயசாச்சு? நேத்து நான் ஓட்டின உழவு உன்ற எஸ்டேட்டிலே ஒருத்தன் ஓட்டுவானா? முழங்காலாம். டின்னுக்குள்ளே தலையை விட்டவன் எனக்கு முழங்காலைப் பத்திச் சொல்றான். நான் வராட்டியும் பரவாயில்லேன்னு எழுத உனக்கு எப்படிக் கை வந்துது? தாய்மாமன் நான். உன்ற தயவிலே வர்றேனா?

கமலாத்தாள் எழுத மாட்டேன்னு மசியை மூடி வெக்கறா. நான் சொல்றதை எழுதுன்னேன். எழுதிப்போட்டா.

குப்பண்ணன்


வடகரப்பதி
7-5-1975

மாப்பிளே,

உன்ற பதிலுக்குக் காத்திருக்காம இதை எழுதச் சொல்றேன். முந்தின கடிதாசியைக் கிழிச்சுப்போடு.

நேத்துக் காட்டிலே உக்காந்துக்கிட்டு, நீ எழுதினதையெல்லாம் முதல்லிருந்து மனசுக்குள்ளே ஓட்டிப் பாத்தேன். முதல் கடிதாசியிலே மாரித்தாய் அந்தப் பொம்பளை என்ன உடுத்திருந்தான்னு கேட்டா. சரி, அது கதை கேக்கறவ கேள்வி. அடுத்ததிலே ஜன்னல் தெறக்குமான்னு கேட்டா. படியிலே பிடிச்சுக்கக் கம்பி இருக்கான்னு கேட்டா. ஏன் மாப்பிளே, போகாதவளுக்கு ஜன்னல் எதுக்கு, கம்பி எதுக்கு?

அப்புறம் மிளகாய். உங்க எஸ்டேட் கடையிலே இல்லாத மிளகாயா? பஸ்ஸைப் பாத்தாலே குமட்டறவ ஞாயித்துக்கிழமை தவறாமக் குமுளிக்கு ஏறினா. இப்பத் தேனி வரைக்கும் எட்டிட்டா. நீ திடீர்னு சண்டைக்கு வந்தே. நானாக் கோவிச்சுக்கிட்டு வரலேன்னு சொல்லோணும், அதுதானே? நீ சண்டை போடத் தெரியாத ஆளு, அதனாலேதான் அத்தனை கெட்டதா எழுதியிருந்தே.

அவளுக்கு ஆசை வந்துருச்சு. வராம என்ன செய்யும்? எலுமிச்சைப் பந்தலையும் எருமையையும் பத்தி நான் வாய் ஓயாமச் சொல்லி, நீ அதை அவ காதுக்குள்ளே ஓதியிருக்கே. என்கிட்டக் கேக்க அவளுக்கு வாய் வரலே. குடுத்த இடத்தைத் திருப்பிக் கேக்க அந்தப் புள்ளைக்கு வாய் எப்படி வரும்?

சொல்லிடு அவகிட்டே. அது அவ இடம். நான் சும்மா துண்டு போட்டு வெச்சிருந்தேன், அவ்வளவுதான். சாமியார்கிட்டே இன்னிக்கே போய் அவ பேரைச் சொல்லு. மே மாசக் கடைசிங்கறது வந்துகிட்டே இருக்குது.

எனக்கு வருத்தமில்லேன்னு எழுதச் சொன்னேன். கமலாத்தாள் பேனாவை வெச்சுப்போட்டு என்ற மூஞ்சியைப் பாத்தா. சரி, இருக்குது. நேத்துச் சாயங்காலம் வரைக்கும் எச்சா இருந்துது. இப்ப வேற ஒரு யோசனை வந்துருச்சு, அது வந்த பொறகு எனக்கு ஒரு இடத்திலே உக்கார முடியலே.

கத்தரீனாளுக்கு மாமன் சீர் செய்யோணுமே? சேலை எடுத்துக் குடுத்தா கட்ட மாட்டா. நகை ஆகாது. எதைக் குடுத்தாலும் மடத்துக்குப் போயிரும், அவ கையிலே ஒண்ணும் தங்காது. மடத்தாலே வாங்கி வெச்சுக்க முடியாத சீர் ஒண்ணு என்கிட்ட இருக்குது. அந்த ரோடு. ஒரு வாரம் லீவு குடுத்திருக்காங்களே, அந்த வாரம் முழுக்க ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் நடுவிலே அவளை உக்கார வெச்சு, லாரி நிக்காத ஊரிலேயெல்லாம் இறக்கிக் காட்டு. மாமன் குடுத்தான்னு சொல்லு.

வழியெல்லாம் முந்தியே சொல்லிட்டேன். மாரித்தாய் அதைப் பாடம் பண்ணி வெச்சிருப்பா, உன்னை நம்பலே. எருமையைத் தட்டிக் குடுக்கச் சொல்லு. கடலக்காய் மூட்டையைப் பொள்ளாச்சி பஸ்ஸிலே போட்டு விடறேன். அவசரப்படுத்தாதே. பியானோ.

மச்சான் குப்பண்ணன்

(அண்ணா, இன்னிக்குத்தான் இவர் ரெண்டு தட்டுச் சோறு தின்னார். அண்ணிக்குப் பஸ் தூரம் கூடக் கூட ஆகாரம் குறைக்கச் சொல்லுங்க. — கமலாத்தாள்)


வண்டிப்பெரியார்
20-5-1975

அன்பு மச்சானுக்கு,

வாசிச்சேன். பாதியில கடிதாசியக் கீழ வச்சுட்டேன். பொறவு பக்கத்து வீட்டு நஞ்சப்பன் வாங்கி முடிச்சான். அவன் மளமளன்னு வாசிச்சுட்டு, "இதுக்கா அழுதீக"ன்னு கேக்கான்.

மாரித்தாய் உள்ள போய் ட்ரங்குப் பெட்டியத் தெறந்து அவ பாஸ்போர்ட்ட எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா. "அண்ணன் எப்படிக் கண்டுபிடிச்சாக?"ன்னு கேட்டா. "மிளகாய்ல"ன்னேன். "நான் ஒரு நாளாவது மிளகாய் வாங்கிட்டு வந்திருக்கலாம்"ன்னு சொல்லிட்டு, அதுக்குப் பொறவுதான் அழுதா.

சாமியார்கிட்ட பேர் சொல்லியாச்சு. அவ இப்பத் தேனி போய்த் திரும்பினா ஒண்ணும் ஆகுறதில்ல. எலுமிச்ச இலைதான்.

உங்களோட சண்டை போட எனக்குக் கொஞ்சமும் வரலை மச்சான். அந்தக் கடிதாசிய நாலு தாள் கிழிச்சுப் போட்டு எழுதினேன்.

சின்னமுத்து


இத்தாலி, அக்ரோபோலி மடத்திலிருந்து
27-8-1975

அன்பு மச்சானுக்கு,

வார்த்தைப்பாடு நல்லபடியா முடிஞ்சுது. அதைத் தனியா எழுதுதேன். ரோமாபுரியும் பாத்தாச்சு. மாரித்தாய் அங்கன கூட்டத்துல நின்னுக்கிட்டு, "கடல் எப்ப வரும்?"ன்னு கேக்கா.

இப்பக் கடலோரம். நீங்க சொன்னபடியே வலது பக்கம். எலுமிச்சைப் பந்தலு நீங்க சொன்னதுதான், அச்சு அசலு. அமால்பிப் படியில மாரித்தாய் கூடைக்காரிகளைப் பாத்துட்டு, "தேயிலைக் கொழுந்துக் கூடை கட்டுத மாதிரி நெத்தியில கயிறு போட்டா இன்னும் லேசா இருக்குமே"ன்னு ஒருத்தியோட கூடைய வாங்கித் தானே மாட்டிக் காட்டிட்டா. பேச்சு ஒண்ணும் புரியாமலே அவுக ரெண்டு பேரும் அரை நாள் பேசினாக. எருமை இருக்கு மச்சான்! தூண் கோயில் பக்கத்திலயே. நான் தட்டிக் குடுக்கப் போனேன், திரும்பி ஒரு முறை முறைச்சுது. கத்தரீனாள் போய்த் தட்டினா, சும்மா நின்னுச்சு. மடத்து உடுப்புக்கு மரியாதை போல.

இன்னைக்குத் தெக்கே போனோம். எனக்கு வளைவு வளைவா அந்த ரோடு தாங்கலை. மாரித்தாய்க்கு ஒண்ணுமில்ல, எலுமிச்ச இலைய எனக்குக் குடுத்துட்டு ஜன்னலைத் தெறந்து வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே வந்தா. "சுரங்கம் வந்துருச்சு. கோயில் வந்துருச்சு, முதுகக் காட்டிக்கிட்டு நிக்கி." நான் பைக்குள்ள தலைய விட்டிருந்தேன். கத்தரீனாள், "அம்மா, மஞ்ச வீடு ஒண்ணுமில்லையே, எல்லாம் வெள்ளையா இருக்கே"ங்கா. அந்தச் சமயம் மாரித்தாய் எந்திரிச்சு நின்னா. "சுண்ணாம்பு மாத்தி அடிச்சிருக்காக, வளைவ மாத்த முடியுமா? இதுதான்!" சொல்லிட்டு, நம்ம குமுளி பஸ்ஸுல கத்துதாளே, அதே கத்து: "நிப்பாட்டுய்யா!"

தமிழ்லதான் மச்சான். அங்கன நிறுத்தமே கிடையாது. டிரைவர் திகைச்சுப் போய் பிரேக்கைப் போட்டுட்டான். கத்தரீனாள் முகம் செவந்து போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கா. அவன் என்னமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுதான். இவ அதுக்குள்ள மஞ்சப்பையோட இறங்கிட்டா.

மதிலு இருக்கு. அத்திமரமும் இருக்கு, மதிலுக்கு மேல சாஞ்சு. நடு வயசுப் பொம்பள ஒருத்தி துணி காயப்போட்டுக்கிட்டு நின்னா. நிறுத்தமில்லாத இடத்துல பஸ் நின்னு, சேலை கட்டின ஒருத்தி இறங்கினா அவ என்ன நினைப்பா? கத்தரீனாள் விசயத்தச் சொன்னா. லாரி, பட்டாளம், எட்டாத கை, எல்லாம். பழம் நீட்டினது யாருன்னு அவளுக்குத் தெரியலை. அந்த வருசம் பட்டாளம் போகும்போது ஊர்ப் பொம்பளைக எல்லாருமே நீட்டினாகளாம், எங்கம்மாவா இருக்கும், பக்கத்து வீட்டுக்காரியா இருக்கும்னு சொன்னா. சொல்லிட்டு மரத்தடிக்குப் போய் மடி நெறையப் பறிச்சுட்டு வந்து, ரெண்டு கையிலயும் அள்ளி நீட்டினா.

மாரித்தாய் ரெண்டு கையையும் ஏந்தி வாங்கினா. பொறவு மஞ்சப்பையிலிருந்து வறுத்த கடலைய அள்ளி அவ மடியில போட்டா. போட்டுட்டு மதிலோரம் போய், கடலைப் பாத்து நின்னுக்கிட்டு, "அண்ணே...!"ன்னு ஒரு சத்தம். கொழுந்துக் காட்டுல இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கூப்பிடுத சத்தம். அந்தப் பொம்பள மடியிலிருந்த கடலையக் கீழ போட்டுட்டா. பஸ்ஸுல இருந்த சனம் கை தட்டுச்சு. ஆமா, அந்த டிரைவர் போகலை. எஞ்சினை நிறுத்திட்டு இறங்கி வந்து, அவனும் ஒரு கை கடலை வாங்கிக்கிட்டான்.

கத்தரீனாள் மதில் மேல ஏறி உக்காந்து, சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கிட்டுப் பழம் தின்னா. "மாமா சீர் நல்லாருக்குன்னு எழுதுங்கப்பா"ன்னா. எழுதிட்டேன்.

ஒண்ணை மறைக்கல. பஸ்ஸு அந்த வளைவுல திரும்பினத நான் இந்தத் தடவையும் பாக்கலை. பை.

சின்னமுத்து


வடகரப்பதி
16-9-1975

மாப்பிளே,

உன்ற கடிதாசி வந்து, படிச்சு, மறுக்கா படிச்சு, பக்கத்துக் காட்டுப் பொன்னாத்தாள் ஊட்டிலேயும் படிச்சு, இப்பத் தாள் மடிப்பிலே கிழியுது.

நீ எழுதியிருக்கற நாளிலே நான் கடலக்காய்க் காட்டிலேதான் இருந்தேன். மாரித்தாய் கூப்பிட்டது எனக்குக் கேட்டுதுன்னு எழுதலாமான்னு கமலாத்தாள் கேட்டா. ஒண்ணும் கேக்கலே. பொய் எதுக்கு. ஆனா இப்ப அந்தப் பக்கம் போறப்பவெல்லாம் நின்னு காது குடுத்துப் பாக்கறேன்.

கேக்க வேண்டியது நிறைய இருக்குது, நீ ஒண்ணையும் சரியா எழுதலே. பழம் உள்ளே சிவப்பா, தேன் நிறமா? தோலை உரிச்சுத் தின்னாங்களா, அப்படியேவா? எருமைக்குக் கொம்பு பின்னாலே வளைஞ்சிருந்துதா? டிரைவருக்குக் கடலக்காய் பிடிச்சுதா? இதெல்லாம் பைக்குள்ளே தலையை விட்டவனுக்கு எங்கே தெரியும். மாரித்தாயைக் கூட்டிட்டு இங்கே வா, அவ வாயாலே கேக்கோணும்.

குமுளியிலே ஏறி, கம்பம், தேனி, பழனி, உடுமலை, பொள்ளாச்சின்னு வருவீங்க. அவளை ஜன்னலோரம் உக்கார வை. உனக்கு ஒரு டின்னு எடுத்துக்க. நேரா வரோணும்னு ஒண்ணுமில்லே. அவ எந்த ஊரிலே நிப்பாட்டச் சொல்றாளோ அங்கே இறங்கு, இருந்து பாரு, அப்புறம் அடுத்த பஸ்ஸைப் பிடி. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

நான் எங்கேயும் போகலே. இங்கேதான் இருக்கேன்.

உன்ற மச்சான்,
குப்பண்ணன்